ஷெரீஃபும் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவும்

பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பாடப்புத்தகத்துக்குள் காமிக்ஸை ஒளித்துவைத்துப் படிக்கும் பிள்ளைகளைப் பிடிப்பதில் எனக்குப் பெரிய பேர் இருந்தது. பிடுங்கியதைப் பீரோவில் வைத்துப் பூட்டுவேன். முழுப் பரீட்சை முடியாமல் கொடுக்க மாட்டேன். நடுவில் அவற்றையெல்லாம் நானே படித்தேன் என்பது யாருக்கும் தெரியாது. மதியச் சோற்றோடு நாலு துப்பாக்கிச் சண்டையையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு, ஒழுக்கத்தைக் காப்பாற்றுகிறேன் என்று மனதாரவே நம்பினேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், அகரத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணிடம் ஒரு குதிரைக்காரக் கதையைப் பிடுங்கினேன். ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு. கதையில் ஊர்க்காவலுக்கு ஒரு ஷெரீஃப், தங்கமான மனுஷன். அவர் கழுத்தில் சுருக்கு விழுந்துவிட்டது, காலடியில் இருந்த பெட்டியை வில்லன் உதைக்கக் காலைத் தூக்கிவிட்டான். அங்கே போய் 'தொடரும்' என்று போட்டிருந்தார்கள். போட்ட ஆள் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் முட்டி போட வைத்திருப்பேன். புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோய் மூன்று தடவை படித்தேன். ராத்திரி புரண்டு படுத்தால் வீட்டுக்காரர், "என்ன, பிரஷரா?" என்று கேட்டார். ஷெரீஃப் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாய் ஒருவர் காமிக்ஸ் கடை வைத்திருந்தார். பக்கத்தில் வீடியோ கேம் கடை வந்ததும் கூட்டம் அங்கே சாய்ந்துவிட்டது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய காமிக்ஸ் ஒன்று கொண்டுவந்தால் புதிது ஒன்று இலவசம் என்று எழுதி மாட்டினார். புதிதாக வந்தவற்றில் என் ஷெரீஃபின் இரண்டாம் பாகமும் இருந்தது.

வீட்டில் இருந்த ஒரே பழைய காமிக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அது யாருடையது என்பதை அந்த நேரத்தில் வசதியாக மறந்துவிட்டேன். வரிசை முழுக்கப் பொடியன்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுவில் நின்றேன். "யாருக்கு டீச்சர்?" என்றான் ஒருவன். "என் மகனுக்குடா" என்றேன். மகனுக்கு அப்போது ஒன்றரை வயது.

பாய் எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கம் புரட்டாமல் வாங்க மாட்டார். வாடகை நூலகத்துப் புத்தகத்தைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள் என்ற பயம் அவருக்கு. என்னுடையதைப் புரட்டி, அதில் இருந்த பேரையும் வகுப்பையும் சத்தமாக வாசித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, நீங்க ஒம்பதாவது பி செக்‌ஷனா?"

வரிசையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. அதைவிட மோசம், எனக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

"நாந்தேன் பாய், டீச்சருக்குப் படிக்கக் குடுத்தேன்."

அவளேதான். கையில் வேறொரு கிழிந்த காமிக்ஸோடு நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை. அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

பாய் இரண்டாம் பாகத்தை எடுத்து நீட்டினார். "கடேசிப் பிரதி, பாத்துக்கங்க."

அவள் கண் அதன் மேலேயே இருந்தது. என் கையும் அதை விட மறுத்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த ஒரு நிமிடம் ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு மனசே இல்லாமல் அவளிடம் நீட்டினேன்.

"நெசமாவா டீச்சர்?"

"உன் புக்கைக் குடுத்து வாங்குனதுதானே? போ, பஸ்ஸு போயிரப் போகுது."

ஓடிவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஷெரீஃப் இன்னமும் பெட்டி மேல்தான் நின்றார்.

திங்கட்கிழமை முதல் பீரியடில் அவள் முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள். கணக்குப் புத்தகத்துக்குள் எதையும் ஒளிக்கவில்லை. இரண்டாம் பாகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படித்தாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். அவள் தொண்டையைக் கனைத்தாள். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் கனைத்து, பக்கத்தைச் சத்தமாகப் புரட்டினாள்.

"கொண்டா இங்கே" என்றேன், முடிந்தவரை கோபமாக. எழுந்து வந்து கொடுத்துவிட்டு, "நான் முடிச்சிட்டேன் டீச்சர்" என்று மெல்லச் சொன்னாள்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்னே புத்தகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்தில் அவள் பேர், வகுப்பு, பிரிவு. அதற்குக் கீழே சிவப்பு மையில், நான் நோட்டில் எழுதுவதைப் போலவே அடிக்கோடிட்டு எழுதியிருந்தாள்: 'படித்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தரவும்.'

ஷெரீஃப் பிழைத்துக்கொண்டார். நான் வியாழக்கிழமையே கொடுத்துவிட்டேன்.