சீப்புச் சின்னமும் நாலு டிகிரியும்

எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் தேதி உண்டு. அரைத்த நாள், திறந்த நாள், தீர்க்க வேண்டிய நாள் மூன்றையும் வெள்ளைச் சீட்டில் எழுதி ஒட்டிவைத்திருப்பார் என் வீட்டுக்காரர். நாள் தாண்டி நான் ஒரு கரண்டி எடுத்துவிட்டால் போதும், தப்பு ஏன் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்யப்போகிறாய் என்று இரண்டு கேள்வி வரும். "மறந்துட்டேங்க" என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். அது காரணமில்லையாம், சாக்காம்.

அவர் தொழில் அப்படி. கம்பெனிகளுக்குத் தரச் சான்றிதழ் வாங்கித் தருகிறவர். சென்னையிலிருந்து தணிக்கைக்காரர்கள் வருவதற்கு முன்னால் இவர் போய், எந்த வேலையை எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதச் சொல்வார். எழுதியபடிதான் செய்கிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். தப்பிருந்தால் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுப்பார். அந்தத் தாளுக்கு என்.சி. என்று பெயர். ஓசூரில் பெரிய பெரிய கம்பெனி மேனேஜர்கள்கூட இவருடைய என்.சி.க்குப் பயப்படுவார்கள். ஆனால் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இவர் என்ன செய்கிறார் என்று ஒருத்தருக்கும் விளங்கவில்லை. பாதிப் பேர் இன்சூரன்ஸ்காரர் என்பார்கள், மீதிப் பேர் ஏதோ டவுனில் வேலை என்பார்கள். சொந்தத் தெரு தன்னைக் கண்டுகொள்ளவில்லையே என்கிற குறை அவருக்கு உண்டு. வெளியே சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தெரியாதா?

அவரிடம் நான் சொல்லாத விஷயமும் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில் வேலை பார்த்தேன். குளிர் அறையின் டெம்பரேச்சரை ஒரு நாளைக்கு மூன்று முறை பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. சீசனில் யாருக்கு நேரம் இருக்கிறது? இரண்டு மாதமாக எழுதவேயில்லை. சான்றிதழுக்காக ஓர் ஆள் வந்து பார்க்கப்போகிறார் என்று முதலாளி சொன்னதும் காலிப் பக்கங்களை எண்ணிப் பார்த்தேன். கூட வேலை பார்த்த பாய் வீட்டு அக்காதான் தைரியம் சொன்னாள். "ஒரே பேனாவுல எழுதாதடி, கண்டுபிடிச்சிருவாங்க" என்று நீலப் பேனா ஒன்று, கறுப்புப் பேனா ஒன்று கொடுத்தாள். ஒரே மத்தியானத்தில் இரண்டு மாத டெம்பரேச்சரையும் எழுதி முடித்தேன். மூன்று, நாலு, நாலு, ஐந்து என்று மாற்றி மாற்றிப் போட்டேன். நடுவில் நம்பகத்துக்காக ஒரு டீக்கறையும் வைத்தேன்.

வந்த ஆள் இவர்தான். ரிஜிஸ்டரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். திரும்பவும் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் மூடிவைத்துவிட்டு, "ரொம்ப அழகா மெயின்டெய்ன் பண்ணியிருக்கீங்க" என்றார். அந்தப் பார்வைக்கு நான் என்ன அர்த்தம் வைத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதமே, டெம்பரேச்சரைத் தானாகவே எழுதிக்கொள்கிற மீட்டர் ஒன்றை முதலாளியிடம் சொல்லி வாங்கவைத்தார். என் வேலையைப் பிடுங்கி ஒரு பெட்டிக்குக் கொடுத்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். அந்த ஆத்திரம் தீர்வதற்குள் பெண் கேட்டு வந்துவிட்டார். வேலை போனதற்கு வாழ்க்கை கொடுத்தாராக்கும் என்று இன்றுவரை அந்த மீட்டரைச் சொல்லிக் காட்டுவேன்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். எழுதியதெல்லாம் உண்மை என்று நம்புகிற மனுஷரோடு, எழுதிய பொய்யால் வந்த வாழ்க்கை. மீட்டரைப் பற்றி எத்தனையோ பேசியிருக்கிறேன், அந்த இரண்டு பேனாக்களைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை.

போன பேரூராட்சித் தேர்தலில்தான் அந்த ரகசியத்துக்கு ஆபத்து வந்தது. எங்கள் தெருச் சாக்கடை மூடியில்லாமல் கிடந்தது. இவர் புகார் எழுதினார். புகாருக்கு எண் போட்டார். பதில் வராததற்கு இன்னொரு புகார் எழுதி அதற்கும் எண் போட்டார். எண்தான் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு, "வெளிய நின்னு என்.சி. எழுதி இவங்களத் திருத்த முடியாதும்மா, உள்ள போகணும்" என்றார்.

"உள்ளன்னா ஜெயிலுக்கா?" என்றேன்.

"கவுன்சிலுக்கு" என்றார். சிரிக்கவில்லை.

சுயேச்சையாக நின்றார். அளவு, நேர்மை என்று காரணம் எழுதித் தராசுச் சின்னம் கேட்டார். கிடைத்தது சீப்பு. அவர் தலையில் மொத்தமே காதோரம் நாலு முடிதான். தெருப் பெண்கள் சும்மா விடுவார்களா? "அண்ணா, சின்னம் உங்களுக்குப் பொருத்தமா கெடச்சிருக்குங்க" என்று ஒருத்தி சொன்னாள். அவர் அதையும் கருத்து என்று நோட்டில் குறித்துக்கொண்டார். ஐயோ சாமி, அந்த மனுஷரை என்ன செய்வது!

நோட்டீஸ் அடித்தார். அதன் மூலையில் 'வெளியீடு 1, திருத்தம் 3' என்று இருந்தது. வாக்குறுதி கொடுக்க மாட்டேன் என்றார். செய்ய முடிந்ததை மட்டும் எழுதுவாராம். 'வாரம் இருமுறை குப்பை அகற்றப்படும். தவறினால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் காரணம் தெரிவிக்கப்படும்.' முக்குக் கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, "காரணத்த நாங்க என்னாங்க பண்றது? குப்பைய எடுத்தா போதும்ங்க" என்றார். இவர் யோசித்துப் பார்த்துவிட்டு நான்காவது திருத்தம் போட்டார்.

அதோடு விட்டாரா? வீடு வீடாகக் கருத்துப் படிவம் கொடுக்க வேண்டும் என்றார். 'இவருக்கு வாக்களிக்க உங்களுக்கு எவ்வளவு விருப்பம்?' என்று கேள்வி. கீழே ஒன்று முதல் ஐந்து வரை கட்டங்கள். பெயர், கையெழுத்து. பெண்பிள்ளை போனால்தான் வாசலில் நின்று பேசுவார்கள் என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார். படிவத்தை அட்டையில் செருகி, பேனாவை நூலில் கட்டிக் கையில் கொடுத்தார்.

நான் போனேன். போன இடமெல்லாம் மோர், டீ, உட்காருங்க என்கிற உபசாரம். கட்டம் ஐந்தில்தான் எல்லாரும் டிக் அடித்தார்கள். "நம்ம வூட்டு ஆளு, போடாம என்னங்க" என்றார்கள். வயசான ஆயா ஒருத்தி, கையெழுத்துப் போடத் தெரியாதவள், ஐந்தின் மேலேயே கட்டைவிரலை அமுக்கி வைத்தாள். "ஆயா, நெசமாவே சீப்புக்குத்தான் போடுவியா?" என்று கேட்டேன். அவள் என்னைப் பச்சைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"காத்தால வந்தவனுக்கும் போடறேன்னுதான் சொன்னேன். வூட்டு வாசலுக்கு வந்தவங்கள வேணாம்னா சொல்லுவாங்க? நல்லாருக்கா நீ கேக்கறது?"

அட்டையில் இருந்த படிவங்களை அங்கேயே புரட்டிப் பார்த்தேன். ஐந்து, ஐந்து, ஐந்து. டீக்கறைகூட இருந்தது. இந்த மாதிரி ரிஜிஸ்டர் எனக்குப் புதிதா?

வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். இந்தப் படிவம் எதற்கும் ஆகாதுங்க, நம்பாதீங்க என்று ஒரு வார்த்தை. சொன்னால் உடனே கேட்பார்: உனக்கு எப்படித் தெரியும்? ஆதாரம் என்ன? ஆதாரம் நான்தானே. பொய் ரிஜிஸ்டர் எப்படி இருக்கும் என்று எழுதிப் பழகியவளுக்குத்தானே தெரியும். அந்தக் கதையைத் தேர்தல் நேரத்தில் எடுத்தால் மனுஷர் உடைந்துபோவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது காரணமில்லை, சாக்கு. பயந்தேன், அவ்வளவுதான்.

நானூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் வந்தன. எண்ணி, கட்டி, வட்டத்தில் பங்கு பிரித்துப் படம் வரைந்து ஹாலில் ஒட்டினார். வட்டம் முழுக்கப் பச்சை. வெற்றிக்கு முந்நூறு போதும் என்றார். அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். கடைசியில் தெரு தன்னைக் கண்டுகொண்டது என்று நினைத்துவிட்டார். எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நின்று விசாரித்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

சந்தை நாளன்று மாலை எங்கள் தெரு முனையில் சின்ன மேடை போட்டு மைக் கட்டிப் பேசினார். நானும் பக்கத்தில் நின்றேன். சாக்கடையிலிருந்து ஆரம்பித்தவர் திடீரென்று என் பக்கம் கையைக் காட்டினார்.

"பதிவேடுன்னா எப்படி இருக்கணும்னு எனக்குக் காட்டினது இவங்கதாங்க! மாம்பழக் கம்பெனியில ரெண்டு மாச ரிஜிஸ்டர். ஒரு கட்டம் காலியா இல்ல. ஒரு அடித்தல் இல்ல, ஒரு திருத்தம் இல்ல. என் சர்வீஸ்ல அப்படி ஒரு ரிஜிஸ்டர நான் பார்த்ததே இல்ல!"

எல்லாரும் கை தட்டினார்கள். கூட்டத்தில் பாய் வீட்டு அக்கா நின்றுகொண்டிருந்தாள். எங்கள் வார்டில்தான் இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்து, "ஏண்டி, ரெண்டு பேனாவும் என்னுதுன்னு மேடையில சொல்லவேயில்லையே உங்க வூட்டுக்காரரு" என்றாள். "வாய மூடுக்கா" என்று அவள் கையைக் கிள்ளினேன்.

ஓட்டு எண்ணினார்கள். சீப்புக்கு ஐம்பத்தெட்டு. எங்கள் இரண்டு ஓட்டும் அதில் சேர்த்தி.

பதினோரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டோம். வழியில் பார்த்தவர்கள் எல்லாரும், "நாங்க உங்களுக்குத்தாங்க போட்டோம், எப்படித்தான் போச்சோ" என்றார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். சட்டையைக்கூட மாற்றாமல் ஹாலில் உட்கார்ந்து படிவக் கட்டைப் பிரித்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் கையெழுத்தைப் பார்த்தார், கீழே வைத்தார். டீ கொண்டுபோய் வைத்தேன். ஆறி ஆடை கட்டியது.

"எல்லாம் கையெழுத்தும்மா" என்றார். "கையெழுத்து போட்டிருக்காங்க. அப்புறம் எப்படி?" குரல் உடைந்திருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. "இருபது வருஷமா நான் பார்த்த பேப்பரெல்லாம் இப்படித்தானா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் போனதற்கு நானும்தானே காரணம்! எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டினாலும் பரவால்ல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். ஒரே மத்தியானம், நீலப் பேனா, கறுப்புப் பேனா, டீக்கறை, ஆயா சொன்னது, தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டது, ஒன்று விடவில்லை. சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். மனுஷர் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் ஆறின டீயை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார்.

"உங்க முதலாளி வூட்டுக் கல்யாணம் ஒண்ணு நடந்துதே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

இருக்காதா! கம்பெனியே அடைத்துவிட்டு எல்லாரும் பஸ் பிடித்துப் போனோம். இரண்டு லட்டு வைத்த சாப்பாடு.

"அது தெரியாம அன்னிக்கு நான் கம்பெனிக்கு வந்தேன். வாட்ச்மேன்கூட இல்ல. வெயில்ல அரை மணி நேரம் நின்னேன். கேட்டுல பூட்டு தொங்குச்சு. மணி ரெண்டு." அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல ஏறியது. "அடுத்த வாரம் வந்து உன் ரிஜிஸ்டரப் பார்க்கறேன். அதே தேதி, மத்தியானம் ரெண்டு மணி, நாலு டிகிரி. பக்கத்துல உன் கையெழுத்து."

அந்தப் பக்கம்! நின்று நின்று பார்த்தாரே, அது என் முகத்துக்காக இல்லையா? மேடையில் அவர் சொன்னதை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். காலிக் கட்டம் இல்லை என்றார், அடித்தல் இல்லை என்றார். உண்மை என்று ஒரு தடவையாவது சொன்னாரா? திருட்டு மனுஷர்! பத்தொன்பது வருஷமாக நான் இவரைக் கிண்டல் பண்ணுகிறேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் எப்படிங்க இந்தப் படிவத்த நம்புனீங்க?" என்று கேட்டேன்.

"உன்னுது ஒண்ணுதான் பொய்யி, மத்ததெல்லாம் நெசம்னு நெனச்சிட்டேன்" என்றார்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. "அப்பவே ஏங்க எனக்கு என்.சி. எழுதல?"

படிவங்களைத் திரும்ப அடுக்கி, நூலால் கட்டிக்கொண்டே சொன்னார். "எழுதியிருந்தா உன்ன வேலைய விட்டுத் தூக்கியிருப்பாங்க. அதான், இனிமே நீ பொய் எழுத வேண்டியிருக்காதுன்னு முதலாளிகிட்ட சண்ட போட்டு அந்த மீட்டர வாங்க வெச்சேன்."