சும்மா இருக்காத பிள்ளை

போன வருஷம் தசரா கூட்டமெல்லாம் வடிந்து, மைசூர் தெருக்களில் மறுபடியும் கால் வைத்து நடக்க முடிந்த சமயம் அது. எனக்கு வயது முப்பத்துநாலு. நஞ்சன்கூட்டில் ஒரு மருந்து கம்பெனியின் லேபில் வேலை. காலை ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். வேலையில் என்மேல் யாரும் குறை சொன்னதில்லை, மற்ற எல்லாவற்றிலும் சொல்லியிருக்கிறார்கள். முகம் பார்த்துப் பேசமாட்டாள், கல்யாண மண்டபத்துக்குள் வந்த பத்தாவது நிமிஷம் வாசலில் போய் நிற்பாள், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்துவிடுவாள். எல்லாம் வேண்டுமென்றே செய்கிறாள் என்பதுதான் சொந்தக்காரர்கள் சேர்ந்து முடிவு கட்டியது.

ஒரு நாள் கம்பெனியில் ஷிஃப்ட் சங்கு ஊதியபோது வழக்கம்போல இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். கூட வேலை பார்க்கும் அக்கா சிரித்தபடி, "எங்க பையனும் அச்சு அசல் இப்படித்தான் பண்ணுவான்" என்றார். அவருடைய பையனுக்கு ஆட்டிசம். சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குக் கோபமே வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. ரயிலில் உட்கார முடியாமல் கதவருகே நின்றுகொண்டு, போனில் அதைப் பற்றியே படித்தேன். நான் வேண்டுமென்றே இப்படி இருக்கிறேனா, இல்லை பிறவியிலேயே இப்படியா? இந்த ஒரு விஷயத்தை விவரம் தெரிந்த யாராவது பார்த்துச் சொன்னால் போதும் என்று இருந்தது.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓ.பி. சீட்டு போடுகிறவரிடம் ஆட்டிசம் என்று சொன்னதும் என் வயதைக் கூடப் பார்க்காமல் குழந்தைகள் பிரிவுக்கு எழுதிவிட்டார். அங்கே போனால் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். மனநலப் பிரிவில், அந்தப் பரிசோதனை செய்யும் சைக்காலஜிஸ்ட் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார், அதுவும் குழந்தைகள் பிரிவில்தான் உட்காருவார் என்றார்கள். சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன் என்று கேட்பார்களாம், அதற்கு அம்மாவைக் கூட்டி வரவேண்டுமாம். மூன்று மாடி ஏறி இறங்கி இதைத் தெரிந்துகொள்ள எனக்கு அரை நாள் லீவு போனது.

செவ்வாய்க்கிழமை அம்மாவோடு போய் நின்றேன். வாசலில் இருந்த அட்டெண்டர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மகு எல்லி?" என்றார். குழந்தை எங்கே என்று அர்த்தம். என் அம்மா கொஞ்சமும் கூசாமல் என்னைக் கை காட்டினாள். அட்டெண்டர் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்துவிட்டு, உட்காருங்கள் என்றார். எங்கே உட்கார்வது? சுற்றிலும் குழந்தைகளின் அழுகை, தலைக்கு மேலே உயிரை விடப்போகிற ட்யூப் லைட் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். என்னம்மா தொலைத்துவிட்டாய் என்று செக்யூரிட்டி இரண்டு தரம் கேட்டார்.

சைக்காலஜிஸ்ட் என்னைவிடச் சின்னப் பெண், கன்னடக்காரர். பெரியவர்கள் யாரும் இதற்காக வந்ததில்லை, ஆனாலும் பார்க்கலாம் என்று நல்லபடியாகத்தான் பேசினார். அம்மா மனம் விட்டுப் பேசட்டும் என்று என்னை வெளியே அனுப்பிவிட்டு, அவளிடம் முக்கால் மணி நேரம் கேட்டார். அம்மா ஹனூர் பக்கத்துத் தமிழ்க்காரி. கல்யாணமாகி மைசூர் வந்ததிலிருந்து வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுகிறவள். கடைத்தெருவுக்குப் போதுமான கன்னடம் உண்டு. படித்தவர்களைக் கண்டால் மட்டும் அந்தக் கன்னடத்தை இன்னும் கொஞ்சம் இழுத்து நீட்டுவாள். வெளியே வந்தபோது முகமெல்லாம் திருப்தி. "எல்லாம் நல்லபடியா சொல்லிப்போட்டேன் கண்ணு" என்றாள். அந்த நல்லபடியா என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

பயந்தபடியே ஆயிற்று. அம்மா சொல்வதைப் பார்த்தால் ஆட்டிசம் மாதிரித் தெரியவில்லை, சின்ன வயதில் நீங்கள் வாயே மூடமாட்டீர்களாமே, எல்லோரிடமும் ஒட்டிக்கொள்வீர்களாமே, இது வெறும் பதற்றமாக இருக்கலாம், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார் சைக்காலஜிஸ்ட். நான் பேய் முழி முழித்தேன். நாலு வயது வரை எனக்குப் பேச்சே வரவில்லை என்று அம்மாவே அத்தையிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதைத்தான் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவசரத்துக்கு எனக்கு வாய் திறக்காது. சரி மேடம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டேன். நான் வாயாடி என்று எப்படிச் சொன்னாய்? அம்மா சத்தியம் செய்தாள், அப்படிச் சொல்லவே இல்லையாம். என்ன சொன்னாயோ அதை அப்படியே சொல் என்றேன். சொன்னாள்: "சும்னே இர்தானே இர்லில்லா மேடம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் நினைத்தது நம் தமிழில். பிள்ளை சும்மா இருக்காது, கையை உதறும், முன்னும் பின்னும் ஆடும், கூடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். சொன்னது கன்னடத்தில். அங்கே சும்னே இரு என்றால் முதலில் காதில் விழுவது பேசாமல் இரு என்பதுதான். அம்மா ஓயாமல் ஆடிய பிள்ளையைச் சொல்ல, அந்தப் பெண் ஓயாமல் பேசிய பிள்ளை என்று எழுதிக்கொண்டுவிட்டார். முப்பது வருஷமாக இந்த இரண்டு பாஷையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிப் பேசிவருகிற குடும்பத்துக்கு இது தேவைதான்.

சரி, அது வார்த்தைக் குழப்பம். எல்லோரிடமும் ஒட்டிக்கொள்வாள் என்று சொன்னது? அதற்கு அம்மா குரலை உயர்த்தினாள். "முன்னப்பின்ன தெரியாதவங்க கிட்டப் போயி என்ற புள்ள அப்படி இப்படின்னு சொல்லோணுமா? எந்தத் தாயாச்சும் சொல்லுவாளா?" எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சொல்கிற பதில்களை வரிசையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். என்னை நாலு பேர் பார்த்துவிட்டுப் போன காலத்தில் பழகிய பதில்கள். நான் கத்தினேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று, அதையும் நீ கெடுத்துவிட்டாய் என்றேன். அம்மா பத்தி உருட்டும் பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் தெருவையே ஏழெட்டுத் தடவை சுற்றினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் நான் எழுந்தபோது அம்மா குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றாள். டாக்டரம்மாவைப் பார்க்கப் போகலாம் என்றாள். சைக்காலஜிஸ்டும் அவளுக்கு டாக்டரம்மாதான். ஒரு மாதம் ஆகவில்லையே என்று அட்டெண்டர் தடுத்தார். தான் தப்பாகச் சொல்லிவிட்டதாகவும், திருத்தாமல் போகமாட்டேன் என்றும் அம்மா அங்கேயே நின்றாள். கடைசி ஆளாக உள்ளே விட்டார்கள்.

இந்த ‘சும்மா’ கதையைக் கேட்டு அந்தப் பெண் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு, நீங்கள் தமிழிலேயே சொல்லுங்கள் அம்மா, இவர் கன்னடத்தில் சொல்லட்டும் என்றார். அப்படித்தான் என் குழந்தைப் பருவத்தை நானே மொழிபெயர்க்கும்படி ஆனது. நாலு வயதுவரை பேச்சு இல்லை. பேச்சு வரவேண்டும் என்று மாதேஸ்வரன் மலைக்கு வேண்டிக்கொண்டு எனக்கு மொட்டை போட்டிருக்கிறாள், இது எனக்கே புதுச் செய்தி. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டேன். ஊதுபத்திக் குச்சிகளை வரிசையாக அடுக்குவேன், ஒன்றை நகர்த்தினாலும் தொண்டை கட்டும் வரை அழுவேன். வீட்டுக்கு வந்தவர்களை வாங்க என்று கேட்கமாட்டேன். அதற்காக அவர்கள் முன்னாலேயே என்னை அடிப்பாளாம். மூங்கில் குச்சிக் கட்டால்.

இந்த இடத்தில் நான் தடுமாறினேன். எதையும் சொன்னது சொன்னபடி சொல்கிற ஆள் நான். ஆனால் அம்மா திட்டுவாள் என்று மாற்றிச் சொன்னேன். உடனே அம்மா என் கையைத் தட்டிவிட்டுத் தன் கன்னடத்திலேயே குறுக்கிட்டாள். "பைதித்தல்லா மேடம், ஹொடெதித்து." திட்டவில்லை, அடித்தேன்.

எதற்கு அடித்தீர்கள் என்று சைக்காலஜிஸ்ட் மெதுவாகக் கேட்டார். "திமிரு அந்துகொண்டே." திமிர் என்று நினைத்துவிட்டேன். அந்த வார்த்தை இரண்டு பாஷையிலும் ஒன்றுதான், அதற்கு நான் தேவைப்படவில்லை. அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். "திமிரு அல்வா மேடம்?" திமிர் இல்லையா என்று.

"அல்லம்மா" என்றார் அந்தப் பெண். "திமிரு அல்ல."

அம்மா அழுதாள். யாரையும் கட்டிக்கொள்ள எனக்கு வராது. என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, இன்னும் கேளுங்க மேடம் என்றாள்.

அதன் பிறகு இன்னும் மூன்று செவ்வாய்க்கிழமைகள், நிறையப் படிவங்கள். கடைசியில் ஆட்டிசம் என்று எழுதித் தந்தார்கள். இன்றும் சங்கு ஊதினால் காதைப் பொத்திக்கொள்கிறேன், கல்யாண மண்டபத்தில் வாசலுக்குத்தான் போகிறேன், அம்மாவும் நானும் வாரத்துக்கு இரண்டு சண்டையாவது போடுகிறோம். ஆனால் ஊருக்கெல்லாம் என்னை நல்ல பிள்ளை என்று சொல்லியே பழகிய என் அம்மா, அன்றைக்கு எனக்காகத் தன்னைக் கெட்ட தாயாகச் சொல்லிக்கொண்டாளே, அதற்கு ஈடாக அவளுக்கு என்ன செய்வது என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.