பாலை நிறுத்துற மாத்திரை

காலையில மெடிக்கல்ல சீட்டைக் குடுத்தேன். அண்ணாச்சி மாத்திரையை எடுத்துட்டு, கடை முழுக்கக் கேக்குற மாதிரி கேட்டார்: “பால் வத்துறதுக்குல்லா இது. பிள்ளைக்கு எத்தனை மாசம்?”

கல்யாணமாகி ஆறு வருசம். பிள்ளை இல்ல.

புரோலாக்டின் ஹார்மோன் கூடிப்போய், மாதவிடாய் நின்னு, பிள்ளை பெறாமலே பால் கசியுது. வாரத்துக்கு ரெண்டு மாத்திரை போட்டு அது குறைஞ்சா, கர்ப்பம் உண்டாக வாய்ப்பிருக்குன்னு டாக்டர் சொல்லுதாங்க.

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள, பின்னால நின்ன மீன்கார அக்கா என் கையைப் பிடிச்சாங்க. “ஏளா, பாலை நிப்பாட்டாத. பால்சுறா வாங்கிப் புட்டு வச்சுத் தின்னு, நல்லா ஊறும்.”

“எட்டு மாசம்”னு அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டு, மாத்திரையை வாங்கிட்டு வந்துட்டேன்.

அடுத்த தடவை பேரும் கேப்பார். நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க.