ஒரு சதுர மீட்டரில் முப்பத்து நான்கு

அவளுக்குக் கத்தரி என்று பேர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. மேட்டுச் சரிவில் புல்விதை சேர்க்கிற ஏழு பெண்களில் மற்ற ஆறு பேரும் கதிரைக் கையால் உருவுவார்கள். இவள் மட்டும் சின்னதாக ஒரு கத்தரிக்கோல் வைத்துக்கொண்டு, தலை தலையாக நறுக்கித் துணிப்பைக்குள் விடுவாள். பேர் அதனால்தான் வந்தது என்று அவளாகச் சொல்லிக்கொள்வாள். கூட வேலை செய்தவர்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள். அவள் வாயைத் திறந்தால் யாருடைய மானமாவது துண்டாகி விழும்.

அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. வீட்டில் அவளும் நாத்தனாரும்தான். நடுவில் இருந்த ஆண், அதாவது ஒருத்திக்குப் புருஷன், ஒருத்திக்கு அண்ணன், பதிமூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் ஏறியவன்தான், அதற்கப்புறம் அவன் முகத்தை இருவரும் பார்க்கவில்லை. "உன் அண்ணன் லட்சணம்" என்று திட்ட இவளுக்கு அவள் வேண்டியிருந்தது. "நீங்க வச்சுக்கிட்ட லட்சணம்" என்று பதில் சொல்ல அவளுக்கு இவள் வேண்டியிருந்தது. பிரிந்து போவதற்கு இருவருக்கும் வேறு போக்கிடமும் இல்லை.

சரிவின் அடியில் வேலையாட்களுக்கென்று கட்டிய இரண்டு அறை வீட்டில் குடியிருந்தார்கள். வேலை இருக்கிறவரைதான் அந்த வீடு.

சரிவின் கதை நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். எங்கேயோ ஒரு மலையை வெட்டிக் கல் எடுத்தது ஒரு கம்பெனி. அதற்கு ஈடாக இந்தச் சரிவைப் பழைய புல்வெளியாக மாற்றித் தர வேண்டும் என்று சர்க்காரில் அதன் தலையில் கட்டியிருந்தார்கள். ஒரு காலத்தில் புல்லும் பூவுமாக இருந்த இடம்தான். யாரோ ஒரு புத்திசாலி அங்கே வரிசை வரிசையாக மரத்தை நட்டான். இன்னொரு புத்திசாலி அத்தனையையும் வெட்டி விற்றான். வெறும் தரையில் மஞ்சள் பூ பூக்கிற முள் வந்து உட்கார்ந்துகொண்டது. இவர்கள் ஏழு பேரும் முதன்முதலில் மேலே ஏறியபோது முள்ளுக்குக் கீழே மொத்தம் நாலு வகைப் புல்தான் உயிரோடு இருந்தது.

வெட்டினார்கள். வெட்டினால் போதாது. அந்த முள்ளின் விதை மண்ணுக்குள் முப்பது வருடம்கூடச் சாகாமல் கிடக்கும். ஒவ்வொரு மழைக்கும் புதிதாக முளைக்கும். கட்டைவிரல் உயரத்தில் இருக்கும்போதே, மண் ஈரமாக இருக்கும்போதே, வேரோடு பிடுங்க வேண்டும். முழங்காலுக்கு வளர்ந்துவிட்டால் வேர் வராது, கைதான் கிழியும். பதினோரு வருட மழைக்காலம் முழுக்க இவர்கள் மண்டியிட்டே கிடந்தார்கள். நாத்தனாருக்கு முழங்கால் போனது அங்கேதான்.

பிடுங்கிய இடத்தில் புல்லை வர வைக்க வேண்டுமே. மேலே பாறை முகட்டில், மரம் நடுகிறவனுக்குக் கை எட்டாத இடுக்குகளில், பழைய புல்வெளி துணுக்குத் துணுக்காகப் பிழைத்திருந்தது. அங்கிருந்து விதை எடுப்பார்கள். ஐந்து கதிர் இருந்தால் ஒன்றைத்தான் எடுக்கலாம். எடுத்ததைத் துணிப்பையில்தான் போட வேண்டும். ஒரு முறை ஒரு பெண் சோம்பல்பட்டு ஈர விதையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துவிட்டு விடுமுறைக்குப் போய்விட்டாள். வந்து பார்த்தால் புழுங்கிப் பூசணம். கத்தரி அந்தப் பையை எல்லோர் முன்னாலும் அவள் தலையில் கவிழ்த்தாள். "மோந்து பாருடி, உன் மூளை வாசனைதான் அடிக்குது" என்றாள். அந்தப் பெண் மறுநாள் முதல் வேலைக்கு வரவில்லை, அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்தாள். போனவளுக்கு வேறு போக்கிடம் இருந்ததா என்று கத்தரி ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவளைப் போலப் புல் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் யாரும் கிடையாது. பூத்திருக்கும்போது புல்லை அடையாளம் சொல்ல யாராலும் முடியும். பூவும் கதிரும் இல்லாத வெறும் இலையை விரலில் உருட்டி, தண்டோடு இலை சேருகிற இடத்தைப் பிரித்துப் பார்த்து, நுனியைக் கடித்து, இது இன்னது என்று அவள் சொல்வாள். பேர்கள் எல்லாம் அவர்களே வைத்தவை. சுருட்டுப்புல், மடிப்புப்புல், மீசைப்புல், எலிக்காது, புளிப்பி. அதில் ஒன்றுக்கு ஒத்தையாள் என்று பேர். முகட்டில் ஒரே ஒரு செடியாகக் கிடைத்தது. தரையோடு படிந்த மூன்று இலை, பார்க்க ரோட்டோரக் களை மாதிரியே இருக்கும். அதிலிருந்து வருடத்துக்கு நாலைந்து விதையாக எடுத்து, ஏழு வருடத்தில் நாற்பது செடி ஆக்கியிருந்தாள். பெற்ற பிள்ளை இல்லாதவள். ஊரார் அதைச் சொல்லிச் சிரித்ததுண்டு.

மேற்பார்வையாளருக்கு ஆகட்டும் என்று பேர். மேலே இருப்பவர்கள் என்ன சொன்னாலும் "ஆகட்டும் சார்" என்பார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கருவிக் கொட்டகைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"நாளைக்கு ஒரு மேடம் கணக்கெடுக்க வர்றாங்க. பத்து இடத்துல சட்டம் போட்டு எண்ணுவாங்க. சராசரி இருபத்தஞ்சு வகை இருந்துச்சுன்னா, சரிவு பழையபடி ஆயிடுச்சுன்னு எழுதிடுவாங்க. எழுதிட்டா இந்த மாசக் கடைசியோட எல்லாருக்கும் வேலை முடிஞ்சுது."

சட்டம் என்றால் குழாயில் செய்த சதுரம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். அதைத் தரையில் போட்டு, உள்ளே எத்தனை வகைச் செடி என்று எண்ணுவார்கள்.

"இருபத்தஞ்சு இல்லேன்னா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"இன்னும் மூணு வருஷம் வேலை. வீடும் இருக்கும். இப்போ பூ இல்லாத நேரம், அவங்களாப் பாத்தா பாதிதான் கண்ணுக்குத் தெரியும். நாம பொய் சொல்ல வேண்டாம். வாயத் திறக்காம இருந்தாப் போதும்."

ஆறு தலையும் கத்தரி பக்கம் திரும்பின.

"எதுக்கு எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறீங்க? எனக்கென்ன பைத்தியமா?"

"பைத்தியம் இல்ல அண்ணி. வாய்தான்" என்றாள் நாத்தனார். "ஒரே ஒரு நாள். என் முட்டிய நெனச்சு மூடிக்கிட்டு இருங்க. இந்தக் காலை வச்சுக்கிட்டு வெளியில எனக்கு எவன் வேலை தருவான்?"

"சரிடி. தைச்சுக்கிட்டே வர்றேன், போதுமா?"

மறுநாள் மேடம் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். படித்தவர், படித்ததை மறக்காதவர், அதை மற்றவர்கள் மறக்கவும் விடாதவர். கழுத்தில் சின்னப் பூதக்கண்ணாடி தொங்கியது. முதல் சட்டத்தில் பதினெட்டு எண்ணினார். இரண்டாவதில் இருபத்தொன்று. மூன்றாவதில் பதினேழு. கத்தரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேடத்தின் செருப்புக்கு அடியிலேயே மீசைப்புல் இருந்தது. பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தாள். நாத்தனார் பக்கத்திலேயே நின்று அவள் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது சட்டம் விழுந்தது. மேடம் சலித்துக்கொண்டு எழுந்தார். ஏழு பெண்களும் மரக்கட்டைகள் என்பது போல ஆகட்டுமிடம் மட்டும் பேசினார்.

"பதினோரு வருஷமா இங்க என்னதான் நடந்துச்சு? எங்க பாத்தாலும் அதே புல்லு. இவங்களுக்கு முதல்ல புல்லுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியுமா? வெயில் காயறதுக்கு வந்திருக்காங்க போல."

"ஆகட்டும் மேடம்" என்றார் அவர்.

"பாருங்க, களையக்கூட எடுக்கல." குனிந்து, மூன்று இலையைச் சேர்த்துப் பிடித்து இழுத்து, வேரோடு வந்ததைத் தோளுக்குப் பின்னால் எறிந்தார்.

அது ஒத்தையாள்.

கத்தரியின் முந்தானை நாத்தனார் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. எறிந்த செடியை எடுத்து வந்தாள். விரலாலேயே குழி பறித்தாள். பாட்டிலில் இருந்த குடிதண்ணீரை ஊற்றினாள். நட்டாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவள் கத்தரி இல்லையே.

"அம்மா தாயே, படிச்ச பொண்ணு, கொஞ்சம் குனிஞ்சு பாரு. இது களை இல்ல. இது இந்த மேட்டுல ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. இப்போ நாப்பது. நான் பண்ணினது. கீழ பாரு, அதே புல்லுன்னியே, இது சுருட்டுப்புல், இலை சுருண்டு வரும். பக்கத்துல இருக்கறது மடிப்புப்புல், மடிஞ்சு வரும். தொட்டுப் பாரு. கண்ணாடிய வச்சுப் பாரு, கழுத்துல எதுக்குத் தொங்குது?"

"அண்ணி" என்றாள் நாத்தனார்.

"இது மீசைப்புல். மயிரு தெரியுதா? இது புளிப்பி, கடிச்சுப் பாரு. கடி, சாக மாட்ட."

"அண்ணி, போதும்." நாத்தனார் அவள் கையைக் கிள்ளினாள். நகம் பதிந்து ரத்தம் கசிந்தது. கத்தரிக்கு அது தெரியவே இல்லை.

மேடம் கெட்டவர் இல்லை, அதுதான் கெடுதலாகப் போயிற்று. கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் மாறியது. மண்டியிட்டார். கடித்துப் பார் என்றதைக் கடித்துப் பார்த்தார். குறிப்பேட்டில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தார். இருபத்தாறு, இருபத்தேழு. கத்தரியின் குரல் ஏறிக்கொண்டே போனது. பதினோரு வருடமாக யாரும் அவளிடம் கேட்காத கேள்விக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பத்து நான்கில் வந்து நின்றது.

பிறகு மற்ற சட்டங்களையும் திரும்பப் போட்டார்கள். சாயங்காலம் வரை ஆனது. சராசரி முப்பத்தொன்று. போகும்போது மேடம் மண் ஒட்டிய கையை நீட்டி, கத்தரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க இல்லேன்னா நான் தப்பா எழுதியிருப்பேன்மா. மன்னிச்சுக்குங்க" என்றார். கத்தரிக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஆறு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி அவள் காலடியில் துப்பினாள்.

மாதக் கடைசியில் வேலை முடிந்தது. நல்ல எண்ணைக் காட்டியதற்காக ஆகட்டுமை அந்தக் கம்பெனி வேறொரு சரிவுக்கு மேலாளராக அழைத்துக்கொண்டது. "என்னையும் கூட்டிட்டுப் போங்க சார்" என்று கத்தரி வாழ்க்கையில் முதல்முறையாகக் கெஞ்சினாள். "ஐம்பது தாண்டினவங்கள எடுக்கறதில்ல" என்றார். அது உண்மைதானா என்று அவள் விசாரிக்கவில்லை. பூசணப் பையை ஒருத்தி தலையில் கவிழ்த்தாளே, அந்தப் பெண் அவருடைய தங்கை மகள் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இருவரும் டவுனில் ஒரு சலவைக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள். கத்தரி பஸ் டிப்போவில் கூட்டிப் பெருக்கினாள். நாத்தனார் அந்தச் சலவைக்கடையிலேயே இஸ்திரி போட்டாள். நாள் முழுக்க நின்றுகொண்டு செய்கிற வேலை. ஆனாலும் அவள் அண்ணியைத் திட்டவில்லை, சண்டை போடவில்லை. வாங்க போங்கவில் குறை வைக்கவில்லை. அண்ணன் லட்சணத்தைப் பற்றிக்கூட இப்போது பேச்சு இல்லை. கத்தரி வேண்டுமென்றே இரண்டு தடவை ஆரம்பித்துப் பார்த்தாள். நாத்தனார் "ஆமாங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்தாள்.

இரண்டு மழைக்காலம் போனபின், ஒரு விடுமுறை நாளில் கத்தரி சரிவுக்குப் போனாள். சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். "சீரமைக்கப்பட்ட புல்வெளி. அனுமதியின்றி நுழையக் கூடாது" என்று பலகை. வேலிக்கு அந்தப் பக்கம் கீழ்ச்சரிவு முழுக்க மஞ்சளாகப் பூத்திருந்தது. முள் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது.

"உள்ள விடுப்பா. முள்ளு ஏறிடுச்சு, மேலயாவது பிடுங்கணும்" என்றாள் காவலாளியிடம்.

"பிடுங்கறதுக்கெல்லாம் ஆள் கெடையாதும்மா. வேலை முடிஞ்சுதுன்னு எழுதியாச்சே."

"யாரு எழுதினது?"

"யாரோ மேடமாம். இங்க வேலை செஞ்ச பொம்பளையே ஒவ்வொண்ணா எண்ணிக் குடுத்துச்சாம்."

அவள் வேலியோரமாகவே நடந்தாள். ஒத்தையாள் நாற்பதும் இருந்த இடம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். அங்கே இப்போது ஒரு முள்ளுக்கும் இன்னொரு முள்ளுக்கும் நடுவில் வெயில் விழ இடமில்லை.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் மூன்று மணி இருக்கும். நாத்தனார் வெந்நீரில் துணியை நனைத்து முழங்காலில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"முள்ளு வந்துடுச்சுடி. இடுப்பு உயரம். ஒத்தையாள் ஒண்ணுகூட இல்ல."

நாத்தனார் துணியைப் பிழிந்தாள். "இன்னும் மூணு வருஷம் நாம இருந்திருந்தா?"

"வர விட்டிருக்க மாட்டோம். அதுக்குள்ள புல்லு நல்லா மூடியிருக்கும். முள்ளு மொளைக்க வெளிச்சமே கெடைச்சிருக்காது."

"அப்போ அன்னிக்கு நீங்க சும்மா இருந்திருந்தா, வீடும் இருந்திருக்கும், புல்லும் இருந்திருக்கும்."

கத்தரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வரும்வழி முழுக்க அவள் இதைத்தான் நினைக்காமல் நடந்து வந்திருந்தாள்.

"ஆமா" என்றாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த மேடம் கை குடுத்தாங்களே. அப்போ உங்களுக்கு சந்தோஷமா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த அறையில் இனிமேல் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கவும் முடியும். அது அவளுக்கும் தெரிந்தது.

"இருந்துச்சுடி. பொறந்ததுலேருந்து அவ்வளவு சந்தோஷமா நான் இருந்ததே இல்ல."

நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். ஆறிப்போன தண்ணீரைக் கொண்டுபோய் வாசலில் ஊற்றினாள்.

"பரவால்ல அண்ணி" என்றாள். "நம்ம ரெண்டு பேர்ல நீங்களாவது இருந்தீங்களே."