கேட்டுக்கு வெளியே ஓர் இத்தாலிக் கார்

திருத்தங்கல் தாண்டி, நண்பரின் பட்டாசுக் கம்பெனி கேட் முன்னால் நிற்கிறோம். நான்கு வருடம் பட்டறையில் கிடந்து புதுசான தன் பழைய இத்தாலிக் காரை முதல்முறையாக இங்கே ஓட்டிவந்திருக்கிறார். வேகம் குறையும்போதெல்லாம் சைலன்சர் ‘பட்’டென்று வெடித்து விரலளவு நெருப்பைத் துப்புகிறது.

வாட்ச்மேன் மாரியப்பன் கையை நீட்டி மறிக்கிறார்.

“வண்டி உள்ள வராது மொதலாளி.”

“என் கம்பெனிக்கு என் வண்டி வரக்கூடாதா மாரியப்பா?”

“சைலன்சர்ல தீப்பொறி தடுக்குற வலை இல்லாத வண்டிய விடாதன்னு சொன்னது நீங்கதான?”

நண்பர் சிரித்துக்கொண்டே எஞ்சினை அணைக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு, உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் இறங்க வாசல் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகிறார்.

அரை மணியில் திரும்பும்போது, காருக்குப் பின்னால் இரண்டு மணல் வாளிகள் இருக்கின்றன.

“இங்கன கெளப்ப வேண்டாம் மொதலாளி. தள்ளிவிடுதேன்.”

நண்பர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, நானும் மாரியப்பனும் தள்ளுகிறோம். பறப்பதற்கென்றே செய்த கார் கருவேல மரங்களுக்கிடையே மாட்டுவண்டிபோல நகர்கிறது. ரோடு வந்ததும் மாரியப்பன் வியர்வையைத் துடைக்கிறார்.

“போதும். இனி கெளப்புங்க.”

நண்பரின் கை சாவியில் இருக்கிறது. கண் பின்பக்கக் கண்ணாடியில். அதில் வெடிமருந்து கலக்கும் அறைகள் இன்னும் தெரிகின்றன.

“இன்னுங் கொஞ்சம் தள்ளுவோம்” என்று இறங்கி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவரும் தோள் கொடுக்கிறார்.