சட்டை மாற்றும் கிருமியும் சேகர் அண்ணனும்

ஊசி குத்துகிறவளுக்கே நன்றி கிடையாது. குத்தி எடுத்த ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறவளுக்கு எங்கே கிடைக்கும்? ஆய்வகத்தில் மாரடிக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

எந்தப் பக்கத்துக் குரங்கு?

இங்கே மலேசியாவில், சுங்காய் பக்கம் டுரியான் பழத்தோட்டத்தில் காவல் பார்ப்பவர் சேகர் அண்ணன். புதன்கிழமை காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரத்தத்தில் மலேரியாக் கிருமி. குரங்கிடமிருந்து கொசு வழியாக வருகிற வகை. உயிரையே எடுத்துவிடும். வார்டில் படுக்க வைத்து மாத்திரை ஆரம்பித்தார்கள். அண்ணனுக்குக் கவலை வேறு.

“தங்கச்சி, கார்டுல குரங்குன்னு எழுதிடாத லா! ஞாயித்துக்கிழமை என் மகளைப் பொண்ணு பாக்க வாராங்க. அப்பா பக்கமா அம்மா பக்கமா, எந்தப் பக்கத்துக் குரங்குன்னு கேப்பாங்க!”

பூட்டிய அலமாரி

மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. ரத்தம் எடுக்கப் போனால், மனுஷன் பையைக் கட்டிச் சிலிப்பரும் போட்டுவிட்டார். “எல்லாம் போச்சு, நான் வீட்டுக்குப் போறேன்” என்கிறார். காலையில் பார்த்த சிலைடில் கிருமி இன்னும் இருந்தது. எனக்கு வந்ததே கோபம்!

“அண்ணே, அந்தக் கிருமிகிட்ட அலமாரி நிறைய சட்டை இருக்கு, ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு மரபணு. ஒன்னைப் போட்டுக்கிட்டு மத்ததைப் பூட்டி வச்சிருக்கும். உங்க உடம்பு அந்தச் சட்டையை அடையாளம் கண்டு அடிக்கும். அதுக்குள்ள சிலது வேற சட்டைக்கு மாறியிருக்கும். அதுங்க தப்பிச்சுப் பெருகும். மரபணுவுல ஓர் எழுத்துகூட மாறாது. எது திறந்திருக்கு, எது பூட்டியிருக்குன்னு மட்டும் மாறும். எதைப் பூட்டணுங்கிற ஞாபகம் குட்டிங்களுக்கும் போகும். உடம்பை நம்பி மாத்திரையைப் பாதியில விட்டா, செத்துடுவீங்க!”

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம்தான். அவர் மனைவி லெட்சுமி அக்கா குனிந்து அவர் சிலிப்பரைக் கழற்றினார்.

“அதுக்கு அலமாரி நிறைய சட்டை. உங்களுக்கு ஞாயித்துக்கிழமைக்கு இருக்கிறது ஒன்னு. உயிரோட இருந்தாத்தான் அதையும் போடலாம். படுங்க!”

சனிக்கிழமை சிலைடு

அன்றைக்கு எனக்குத்தான் பயம். கிருமி இருந்தால் வீட்டுக்கு விடமாட்டார்கள். இந்த மனுஷன் சொல்லாமல் ஓடிவிடுவார். கழுத்து வலிக்க வலிக்கத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. அப்பாடா! சந்தோஷம் தாங்காமல் நானே வார்டுக்கு ஓடினேன்.

அண்ணன் நம்பவில்லை. “வேற சட்டையில ஒளிஞ்சிருந்தா?”

“சட்டை மாறினா உங்க உடம்புதான் ஏமாறும். எனக்கு உருவம் தெரியும் லா. அதுக்காக அடுத்த வாரம் சோதனைக்கு ரத்தம் குடுக்க வராம இருந்துடாதீங்க.”

அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டார்.

“அப்ப நாளைக்கு நீயும் வீட்டுக்கு வா. மாப்பிள்ளையையும் ஒரு தடவை பாத்துச் சொல்லிடு.”

போனேன், நல்ல பையனாகத்தான் தெரிந்தார், ஆனால் நான் பார்த்தது ஒரே ஒரு சட்டையில்.