நோன்புக்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம்

ரமலானுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அத்தாவோடு உத்தமபாளையம் போனேன். அத்தாவுக்குச் சர்க்கரை. தேனி டாக்டர், "நோன்பே வைக்கக் கூடாது" என்றுவிட்டார். அத்தா நோன்பை விடவில்லை, டாக்டரை விட்டுவிட்டார். நோன்பு வைக்கும் சர்க்கரைக்காரர்களுக்கென்றே அங்கே பள்ளிவாசல் மண்டபத்தில் வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, அம்மாதான் எங்களை அனுப்பி வைத்தார்.

பழனிசெட்டிபட்டியில் மூன்று மணிக்குக் கம்பம் பஸ். சுமார் முப்பது கிலோமீட்டர். வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். சின்னமனூர் தாண்டினால் தென்னைகளுக்கு மேலே நீல மலை மிதந்துகொண்டே கூட வரும். பஸ் ஓடுகிறதா, மலை ஓடுகிறதா என்றே தெரியாது. அத்தா அன்று ரமலானுக்கு ஒத்திகையாக நோன்பு வைத்திருந்தார். அவர் மூக்குக்கு நேரே கடலைமிட்டாயை ஆட்டினேன்.

"ஏலே, சைத்தானுக்கு லீவு விட்டாகளா? நீ டூட்டி பாக்குற!"

வகுப்பில் நர்ஸ் நூர்ஜகான் அக்கா நோன்புக் கஞ்சியைக் கரண்டியால் அளந்து காட்டினார். "வடைய விடச் சொல்லல மாமா. ஒன்னோட நிறுத்தச் சொல்றேன்." பிறகு சர்க்கரை பார்க்க, விரலில் குத்தும் ஊசியோடு வந்தார். அத்தா கையை இழுத்துக்கொண்டார்.

"ரத்தம் வந்தா நோன்பு முறிஞ்சிரும்மா."

இத்தனை வருஷமும் ரமலானில் எங்கள் வீட்டுச் சர்க்கரை பார்க்கும் மிஷின் அலமாரியில் தூங்கியது அதனால்தான்! வகுப்பில் கூட உட்கார்ந்திருந்த பள்ளிவாசல் இமாம், ஹஜ்ரத், சிரித்தார். "ஒரு சொட்டுக்கெல்லாம் முறியாது பாய். குத்தச் சொல்லுங்க."

மிஷினில் சர்க்கரை அறுபத்திரண்டு. அக்கா முகம் மாறியது. "எழுபதுக்குக் கீழ போனா முறிச்சிரணும் மாமா." உடனே சீனித்தண்ணீர் வந்தது.

"மஃரிபு பாங்கு சொல்லி நோன்பு தொறக்க அரை மணிதான இருக்கு? தாங்கிக்குவேன்." அத்தா டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"உசுரும் அல்லா நம்மகிட்ட பத்திரமா வச்சுக்கச் சொல்லிக் குடுத்த அமானிதந்தான்," என்றார் ஹஜ்ரத். "குடிங்க. இன்னொரு நாள் வச்சுக்கலாம்."

டம்ளரை நான்தான் நீட்டினேன். நான் சிரிக்கிறேனா என்று பார்த்தார். இல்லை. கண்ணை மூடிக் குடித்தார். பக்கத்தில் துண்டுக்குள் கையை ஒளித்திருந்த பெரியவர் மெல்ல விரலை வெளியே நீட்டினார்.

இந்த வகுப்புக்குப் போகிறவர்கள் மாத்திரைச் சீட்டையும் வீட்டு மிஷினையும் கொண்டு போங்கள். நோன்போடு போனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்த மாத்திரை விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்கு, எது நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு என்பதை டாக்டர்தான் மாற்ற வேண்டுமாம். அத்தா தேனி டாக்டரிடம் திரும்பப் போகச் சம்மதித்துவிட்டார்.

திரும்பும்போது மலையெல்லாம் இருட்டில் கரைந்துவிட்டது. அத்தா என் தோளில் சாய்ந்தார்.

"ஏலே, பயந்துட்டியா?"

மிச்சமிருந்த கடலைமிட்டாயை, இந்தத் தடவை ஆட்டாமல், அவர் கையில் வைத்தேன்.